தந்தை வேறொருவர் ஆகும்போது

பிரெஞ்சு நாடகாசிரியர் ஃபுளோரியான் ஸெல்லர் எழுதி 2012இல் பாரிஸில் அரங்கேறிய நாடகத்தை, 2020இல் அவரே 'தி ஃபாதர்' என்னும் ஆங்கிலத் திரைப்படமாக்கினார். முதியவர் ஆன்டனியாக நடித்த ஆன்டனி ஹாப்கின்ஸுக்கு 2021இல் ஆஸ்கர் விருது கிடைத்தது. மறதிநோய் பற்றிய படம் என்றே பலரும் இதனை அறிமுகப்படுத்துகின்றனர். மறதியினும் கடிய ஒன்றை இப்படம் பேசுகிறது என்பது நம் கருத்து. நோய் தந்தையின் நினைவை மட்டும் கொண்டுபோவதில்லை, குணத்தையும் மாற்றிவிடுகிறது.

ஆன்டனி தம் கைக்கடிகாரத்தைத் தாமே குளியலறையில் ஒளித்துவைக்கிறார், ஒளித்ததை மறக்கிறார், பணிப்பெண் திருடிவிட்டாள் என்று ஏசி அவளை விரட்டுகிறார். இந்நோயில் பரவலாகக் காணப்படும் ஐயம் இது. மறதி விட்டுச்சென்ற வெற்றிடத்தைக் குற்றச்சாட்டு வந்து நிரப்புகிறது. வாதிட்டு அதனைத் தீர்க்க இயலாது. எனினும் படத்தின் கூர்மையான இடம் அதுவன்று. புதிய பணிப்பெண் லாராவின் முன் அவர் குதூகலமாகப் பேசுகிறார். பொறியாளராயிருந்த அவர், தாம் நடனக் கலைஞர் என்று கதை சொல்கிறார். இளைய மகள் லூசியைப் புகழ்கிறார். மறுகணமே அருகிலிருக்கும் மூத்த மகள் ஆன், தம் வீட்டைப் பறிக்கத் திட்டமிடுவதாகக் குத்திப் பேசுகிறார். லூசியோ விபத்தில் இறந்துபோனவள். அயலாரிடம் இன்முகம், பேணும் பிள்ளையிடம் கடுமுகம்: இந்நோயாளிகளைப் பேணியோர் இக்காட்சியை எளிதில் அடையாளம் காண்பர்.

அஸ்கர் ஃபர்ஹாதியின் ஈரானியப் படமான 'எ செப்பரேஷன்' (2011) இவ்விடத்தில் ஒப்புநோக்கத்தக்கது. அதிலும் இந்நோய் கண்ட தந்தை உண்டு. மகன் நாதிர் அவரைக் குளிப்பாட்டியவாறே உடைந்து அழுகிறான். ஆடையை அசுத்தப்படுத்திக்கொண்ட அம்முதியவரைத் தான் சுத்தம் செய்வது பாவமாகுமா என்று பணிப்பெண் ராஸியா தொலைபேசியில் மார்க்கத் தீர்ப்புக் கேட்கிறாள். (ஃபிக்ஹ் வகுப்பில் ஒரு வாரம் விவாதிக்கத்தக்க காட்சி அது.) ஆனால் அத்தந்தை அரிதாகவே பேசுகிறார், நாவால் எவரையும் புண்படுத்துவதில்லை. மௌனமான தந்தையைப் பேணுவது எளிதன்று. ஏசும் தந்தையைப் பேணுவதோ அதனினும் அரிது. மறுபுறம், ஸெல்லரின் வசதியான லண்டன் வீட்டில் கழுவுதலும் துடைத்தலும் ஏறத்தாழக் கண்ணில் படுவதேயில்லை. இது அப்படத்தின் குறை.

முதுமையடைந்த பெற்றோரிடம் 'உஃப்' என்றும் கூறலாகாது எனும் அல்இஸ்ரா அத்தியாயத்தின் 23ஆம் வசனத்தை நம் மேடைகள் அடிக்கடி ஓதுகின்றன. அம்மேடைகள் வருணிக்கும் பெற்றோர் சாந்தமே உருவானவர்கள், பிள்ளைகளே கொடியவர்கள். தபரீ (ரஹ்) எடுத்தெழுதும் முஜாஹித் (ரஹ்) அவர்களின் விளக்கமோ, மலசலத்தையும் பிள்ளையே அகற்றவேண்டிய முதுமையைக் கருதிப் பேசுகிறது. சலிப்பூட்டும் நிலை இல்லையெனில் சலிப்புச் சொல்லைத் தடுக்க வேண்டிய தேவை யாது? சித்தம் கலங்கியவர் தெளியும்வரை அவரை விட்டு எழுதுகோல் உயர்த்தப்பட்டுள்ளது என்பது நபிமொழி. ஆகவே ஆன்டனியின் வசைகள் அவர் ஏட்டில் பதியப்படுவதில்லை எனலாம். மகளின் நெஞ்சிலோ அவை பதிந்தே விடுகின்றன. அங்கிருந்து அவற்றை அழிப்பது எவ்வாறு என்று எந்தப் பயானிலும் நாம் கேட்டதில்லை.

உறங்கும் தந்தையின் கழுத்தை ஆன் நெரிப்பதாக ஒரு காட்சி தோன்றி மறைகிறது. அது அவள் உள்ளத்தில் மட்டுமே நிகழ்வது. இறுதியில் அவரைப் பராமரிப்பு இல்லத்தில் சேர்த்துவிட்டுப் பாரிஸ் செல்கிறாள். மேற்குலகின் குடும்பச் சிதைவுக்கு இது சான்று என்று எழுதிவிடுவது நமக்குக் கைவந்த கலை. அவ்வாறு எழுத நாம் துணியோம். மாமனாரின் படுக்கையை மாற்றுவதும் அவரது வசையை ஏற்பதும் மருமகள். தந்தையைப் பேணுகிறவன் என்று பெயர் பெறுவது மகன். நம் இல்லங்கள் பலவற்றின் நிலை இதுவே. வசனம் விளித்துப் பேசுவதோ பிள்ளையிடம்.

பராமரிப்பு இல்லத்தில் ஆன்டனி குழந்தையைப்போல் தம் தாயைத் தேடி அழுகிறார். அவரை அணைத்துத் தேற்றுபவள் ஊதியம் பெறும் ஒரு செவிலி. அவள் குரலில் சலிப்பில்லை.