சத்தம் போயிருச்சா?

‘கொட்டுக்காளி’ ஓடிக்கொண்டிருந்த இரவு, அடுப்படியில் பாத்திரம் ஒதுக்கிக்கொண்டிருந்த அம்மா கூடத்தை எட்டிப் பார்த்தாள். “என்னடா, டிவியில சத்தம் போயிருச்சா?”

சத்தம் இருந்தது. ஆட்டோ உறுமிக்கொண்டிருந்தது, காற்று அடித்தது, கட்டிவைத்த சேவல் சிறகை உதறியது. அம்மா தேடியது இசையை. அந்தப் படத்தில் பின்னணி இசை கிடையாது.

அதற்கு முந்தைய நாட்களில் நான் போட்ட படங்களுக்கு அவள் அடுப்படியை விட்டு வர வேண்டியே இருக்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் நின்றபடியே “யாரோ சாகப்போறாங்க”, “அடிதடி வருது” என்று சொல்லிவிடுவாள். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அடுத்தது என்ன என்று அவளுக்குச் சொன்னது கதை அல்ல, வயலினும் தவிலும்தான்.

இரண்டு வாரத்தில், 2024இல் வந்த ஐந்து படங்களை அடுத்தடுத்துப் பார்த்தேன்: ‘மகாராஜா’, ‘வாழை’, ‘லப்பர் பந்து’, ‘மெய்யழகன்’, கடைசியாக ‘கொட்டுக்காளி’. மாதத்துக்கு ஒன்றாகப் பார்த்திருந்தால் கதையையும் நடிப்பையும் பற்றி மட்டுமே யோசித்திருப்பேன். வரிசையாகப் பார்த்ததில், எல்லாவற்றுக்கும் அடியில் ஓடுகிற ஒரு பழக்கம் காதில் விழத் தொடங்கியது.

பின்னணி இசையை ஸ்டுடியோக்காரர்கள் ரீரெக்கார்டிங் என்பார்கள், சுருக்கமாக ஆர்.ஆர். இன்றைய ரசிகர்கள் பி.ஜி.எம். என்கிறார்கள். முதல் பெயர் ஒரு வேலையைக் குறித்தது. வெட்டி ஒட்டிய படத்தைப் போட்டுப் பார்த்து, எங்கே இசை தொடங்க வேண்டும், எங்கே நிற்க வேண்டும், எங்கே வரவே கூடாது என்று முடிவெடுக்கும் வேலை. இரண்டாவது பெயர், தனியே கழற்றி எடுத்து ரிங்டோனாக வைத்துக்கொள்ளக்கூடிய ஒரு பொருளைக் குறிக்கிறது. பெயர் மாறியதற்குள்ளேயே பழக்கம் மாறிய கதை இருப்பதாக எனக்குப் படுகிறது.

முதலில் இசையின் பக்கம் இருக்கும் நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். தமிழர்கள் சினிமாவைக் கண்ணால் பார்த்த அளவுக்குக் காதாலும் கேட்டவர்கள். வானொலியில் ஒலிச்சித்திரம் கேட்டோம். கோயில் கொடையிலும் கல்யாண வீட்டிலும் ‘திருவிளையாடல்’ வசனம் குழாய் ஒலிபெருக்கியில் ஊர் முழுக்கக் கேட்டது. வேலையை விடாமல், படத்தைக் காதாலேயே தொடர்கிற அம்மாவைப் போன்றவர்களும் பார்வையாளர்கள்தான். அவர்களுக்கு இசை ஒரு கைப்பிடி. அதை ஆடம்பரம் என்று தள்ளிவிட முடியாது.

‘லப்பர் பந்து’ அந்தக் கைப்பிடியை அழகாகப் பயன்படுத்துகிறது. ஊர்க் கிரிக்கெட் வீரரான கெத்து மட்டையோடு இறங்கும்போது வருவது ‘பொன்மனச் செல்வன்’ (1989) படத்தில் விஜயகாந்துக்காக இளையராஜா போட்ட பாட்டு. 2023 டிசம்பரில் விஜயகாந்த் மறைந்து ஒரு வருடம்கூட ஆகாத நேரத்தில் வந்த படம் அது. அந்தப் பாட்டு காட்சிக்கு உணர்ச்சியை வெளியிலிருந்து கொண்டுவந்து பூசவில்லை. அந்த ஊர் ஆட்களிடம் ஏற்கெனவே இருக்கிற பற்றைத்தான் எழுப்புகிறது. கெத்து எப்படிப்பட்ட மனிதர், எந்தக் காலத்தில் இளைஞராக இருந்தவர், ஊர் அவரை ஏன் கொண்டாடுகிறது என்பதெல்லாம் ஒரு பல்லவியில் சொல்லி முடிந்துவிடுகிறது. ஆனால் இதைப் பார்த்துவிட்டு, பழைய பாட்டு ஒன்றைப் போட்டாலே கைதட்டல் வந்துவிடும் என்று மற்றவர்கள் நம்பத் தொடங்கினால் அது வெறும் இரவல்.

‘மகாராஜா’ நம் உணர்ச்சியை வழிநடத்தும் விதம் வேறு வகை. காவல் நிலையத்தில் குப்பைத்தொட்டியைக் காணவில்லை என்று ஒருவர் புகார் கொடுக்கும்போது படம் நம்மைச் சிரிக்கவிடுகிறது. பின்னால் உண்மை தெரியும்போது அந்தச் சிரிப்பே நம்மைச் சுடுகிறது. தெரிந்தே பொய் சொல்லும் தொனி அது. அதை நான் மதிக்கிறேன்.

‘வாழை’யிடம்தான் எனக்கு வருத்தம். மிகவும் நேசித்த படம் என்பதாலேயே வருத்தம் கூடுதல். ஒரு தாருக்கு ஒரு ரூபாய் கூலி உயர்வுக்குப் போராடும் ஆட்கள், அவர்களோடு காய் சுமக்க மாட்டேன் என்று முரண்டு பிடிக்கும் சிறுவன் சிவனைந்தன், தார்களின் மேலேயே கூலியாட்களை ஏற்றிப் போகும் லாரி: மாரி செல்வராஜ் தன் சொந்தப் பால்யத்திலிருந்து எடுத்துவைத்த உலகம். சாவு விழுந்த வீட்டில் பசி தாங்காமல் அந்தப் பையன் சோற்றில் கை வைக்கிறான். தமிழ் சினிமாவில் பசியைப் பற்றி எடுக்கப்பட்ட மிகக் கொடுமையான காட்சிகளில் இது ஒன்று. அந்த இடத்துக்குப் பானையில் கை படும் சத்தம் போதும், வெளியே பெண்கள் அழும் சத்தம் போதும். படம் அதை நம்பவில்லை. சந்தோஷ் நாராயணனின் இசை தரமானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் நான் அழத் தொடங்குவதற்கு முன்பே அது எனக்காக அழுதுவிட்டது. இந்தப் படத்திலேயே ஒப்பாரி ஒலிக்கும் இடம் என்னை உலுக்கியது. ஒப்பாரி இழவு வீட்டின் சொந்தக் குரல். துக்கத்துக்குள் உட்கார்ந்திருப்பவர்கள் பாடுவது. வாத்தியக் குழு வெளியே நின்று பார்ப்பவர்களுக்காக வாசிக்கிறது. இரண்டையும் ஒரே எடையில் கலக்கும்போது நட்டம் ஒப்பாரிக்குத்தான்.

ஏன் இப்படி நடக்கிறது? கோடம்பாக்கத்தில் ஒரு பேச்சு உண்டு: “ஆர்.ஆர்.ல பாத்துக்கலாம்.” எழுத்திலோ நடிப்பிலோ ஒரு காட்சி நிற்கவில்லை என்றால், இசை வந்து தூக்கிவிடும் என்ற நம்பிக்கை. இசையோ கடைசியில் செய்யப்படும் வேலைகளில் ஒன்று. வெளியீட்டுத் தேதி தலைக்கு மேல் நிற்கும் நேரத்தில், எங்கே சும்மா இருப்பது என்று யோசிக்க யாருக்கும் பொழுது இருப்பதில்லை. இதற்கெல்லாம் கீழே இருப்பது, பார்ப்பவருக்குச் சலித்துவிடுமோ என்கிற பயம். ‘மெய்யழகன்’ வெளியான சில நாட்களிலேயே அதிலிருந்து சுமார் 18 நிமிடங்கள் வெட்டப்பட்டதும் அந்தப் பயத்தால்தான். ஓர் இரவு முழுக்க இரண்டு பேர் பேசிக்கொண்டிருப்பதே அந்தப் படம். அந்த இருவரில் ஒருவரான அருள்மொழி, பேர் மறந்துபோன உறவுக்காரனிடம் தன் பழைய சைக்கிளின் கதையைக் கேட்கும் இடத்தில், அவசரப்படாத அந்தப் பேச்சுதான் நெஞ்சை அடைக்கிறது. அதே பயம் முற்றினால் ‘கங்குவா’வில் நடந்தது நடக்கும். 2024 நவம்பரில் வெளியானதுமே இரைச்சல் பற்றிப் புகார்கள் குவிந்தன. ஒலியளவை இரண்டு புள்ளி குறைக்கச் சொல்லித் தயாரிப்பாளர் தியேட்டர்களைக் கேட்டுக்கொண்டார். ஆஸ்கர் விருது பெற்ற ஒலி வடிவமைப்பாளர் ரசூல் பூக்குட்டி இந்தச் சத்தப் போட்டி குறித்து வெளிப்படையாகவே வருந்தி எழுதினார்.

இசை வேண்டாம் என்பதல்ல நான் சொல்ல வருவது. பாலு மகேந்திராவின் ‘வீடு’ (1988) படத்தில் கேட்பது இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ (1986) தொகுப்பு. அது அந்தப் படத்துக்காக எழுதப்பட்டதே அல்ல. பாதி எழும்பிய வீட்டைப் பார்க்கச் சொக்கலிங்க பாகவதர் தனியாகப் போய்ச் சுவர்களைத் தடவிப் பார்க்கும்போது, அந்த இசைக்கு அவருடைய கதை தெரியாது. அதனால் அது அவருக்காக இரக்கம் கேட்பதில்லை. கூடவே நடக்கிறது, அவ்வளவுதான். கிழவரின் உள்ளங்கையை நாமே கவனிக்க வேண்டியிருக்கிறது.

பி.எஸ்.வினோத்ராஜின் ‘கொட்டுக்காளி’ அந்தத் துணையையும் விட்டுவிடுகிறது. (‘வாழை’யும் இதுவும் 2024 ஆகஸ்ட் 23 அன்று ஒரே நாளில் வெளியாயின.) தாழ்ந்த சாதி என்று சொல்லப்படும் ஒருவனை விரும்பிவிட்ட மீனாவுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று, குடும்பமே அவளை ஆட்டோவில் ஏற்றிச் சாமியாடியிடம் கொண்டுபோகிறது. மீனா பேசுவதே இல்லை என்று சொல்லிவிடலாம். கட்டிக்கொள்ளப் போகிறவனான பாண்டிக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. வழியில் எங்கிருந்தோ ஒரு சினிமாப் பாட்டு கேட்கிறது. மீனா அதை வாய்க்குள் முணுமுணுக்கிறாள். பாண்டி கண்மண் தெரியாமல் அடிக்கத் தொடங்குகிறான், தடுக்க வந்தவர்களையும் சேர்த்து. இசையே இல்லாத படத்தில் இசை வருகிற ஓரிடம் அது. அவளிடம் மிச்சமிருக்கும் உயிரின் அடையாளமும் அது. பின்னணி இசை தொடர்ந்து ஓடியிருந்தால் இந்த முணுமுணுப்பு யார் காதிலும் விழுந்திருக்காது.

இந்த மௌனத்துக்கும் விலை உண்டு. அது தியேட்டரின் இருட்டை நம்பிச் செய்யப்பட்டது. வீட்டில் மின்விசிறிச் சத்தமே பாதியைத் தின்றுவிடுகிறது. நீண்டுகொண்டே போகும் சில பயணக் காட்சிகளில், ‘இதோ நான் எதையும் சொல்லாமல் இருக்கிறேன்’ என்று மௌனமே சொல்லிக்காட்டுவதுபோலத் தோன்றியது. அதுவும் ஒரு வகைப் பின்னணி இசைதான். முடிவைப் பார்ப்பவரிடமே விடுவதை நான் ஏற்கிறேன். ஆனால் அதுவரை கைப்பிடியே இல்லாமல் வந்த ஒருவரை அந்த இடத்தில் தனியாக நிறுத்துவது கடுமையாகத்தான் இருந்தது.

சத்தம் போயிருச்சா என்று கேட்ட அம்மா திரும்பிப் போகவில்லை. ஈரக்கையோடு நின்றாள், பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அடுத்தது என்ன என்று அவளால் சொல்ல முடியவில்லை. பாண்டி அடிக்கும்போது “விடுறா அவள” என்று டிவியைப் பார்த்துச் சொன்னாள். படம் முடிந்து எழுத்துகள் ஓடும்போது, “அந்தப் பொண்ண என்னடா பண்ணுவாங்க?” என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. மிச்சப் பாத்திரத்தை அவள் மறுநாள் காலையில்தான் ஒதுக்கினாள்.