வலியின் வழியே மீளும் உடல்: பவுலா ரேகோவின் ஓவியங்கள்

லிஸ்பனில் 1935இல் பிறந்து, லண்டனில் நெடுங்காலம் வாழ்ந்து, 2022இல் மறைந்த பவுலா ரேகோ, தாய்மை, பெண்ணின் பாலியல்பு, கத்தோலிக்கச் சமயம் ஆகிய மூன்றையும் பிரித்துப் பார்க்க முடியாதவையாகக் கண்ட ஓவியர். சலசாரின் சர்வாதிகார அரசும் திருச்சபையும் கைகோத்துப் பெண்களின் ஒழுக்கத்தை வரையறுத்த போர்ச்சுக்கலில் வளர்ந்தமையால், சமயப் படிமங்களை அவர் புறக்கணிக்காமல் அவற்றுக்குள் புகுந்தே விவாதித்தார்.

போர்ச்சுக்கல் குடியரசுத் தலைவர் ஜோர்ஜே சம்பாயோவின் வேண்டுகோளை ஏற்று, பெலேம் மாளிகையின் சிற்றாலயத்துக்காக ரேகோ 2002இல் வரைந்த அன்னை மரியா தொடர் இவ்விவாதத்தின் உச்சம். ஏவாளுக்கு விதிக்கப்பட்ட பேறுகால வேதனை மரியாவைத் தீண்டவில்லை என்பது கத்தோலிக்க மரபு. அதற்கேற்ப, பதினான்காம் நூற்றாண்டில் புனித பிரிஜித்தா கண்டதாகக் கூறிய காட்சியைப் பின்பற்றிய ஓவியர்கள், தரையில் ஒளிரும் குழந்தையின் முன் மரியா மண்டியிட்டு வணங்குவதாகவே இயேசுவின் பிறப்பைச் சித்திரித்தனர். ரேகோவின் மரியாவோ வானதூதரின் மடியில் சாய்ந்து பேறுகால வேதனையில் துடிக்கிறார். கோட்பாடு அகற்றிய உடலை, மரியாவின் மாண்பு குறையாமல் மீட்டளித்தது இத்தொடரின் பெருஞ்சாதனை.

போர்ச்சுக்கலில் கருக்கலைப்பைச் சட்டபூர்வமாக்கும் முயற்சி 1998ஆம் ஆண்டுப் பொதுவாக்கெடுப்பில் மிகக் குறைந்த வேறுபாட்டில் தோற்றபின், நிறப்பொடியைக் கட்டியாக்கிச் செய்யும் பேஸ்டல் வண்ணக்கோல்களால் அவர் தீட்டிய பெயரிடப்படாத தொடரும் அதே துணிவுடையது. மறைவாகக் கருக்கலைத்த பெண்களும் பள்ளிச் சீருடைச் சிறுமிகளும் கட்டிலிலும் வாளியின் மேலும் தனித்திருக்க, அவர்களுள் சிலர் பார்வையாளரை நேருக்குநேர் நோக்குகின்றனர். குருதியோ கருவோ காட்டப்படாததால், பார்ப்பவரின் கவனம் அருவருப்பில் சிதறாமல் அப்பெண்களின் மீதே நிலைக்கிறது.

ஆயினும் இவ்வணுகுமுறைக்குக் குறைகளும் உண்டு. கருக்கலைப்புத் தொடரில் ஆணும் சட்டமும் மருத்துவமனையும் காட்சிக்கு வெளியே நின்றுவிடுவதால், வாக்கெடுப்பின் பின்னணியை அறியாதவருக்குத் துன்பம் தெரியும் அளவுக்கு அதன் காரணம் தெரிவதில்லை. அதைவிட ஆழமான குறை, இவ்விரு தொடர்களிலும் பெண்ணுடல் பெரும்பாலும் வலியின் வழியாகவே வெளிப்படுவதாகும். பாலுறவின் விளைவு விரிவாகப் பேசப்பட, அதன் இன்பமும் விருப்பமும் ஒதுங்கிவிடுகின்றன. இதனால், பெண்ணின் பாலியல்பை வேதனையோடு பிணைத்த ஏவாள் கதையை மறுக்க முனைந்த ஓவியங்களே அப்பிணைப்பை ஓரளவு உறுதிப்படுத்துகின்றன. அவரே 1994இல் வரைந்த 'நாய்ப் பெண்' வலியையும் வேட்கையையும் வலிமையையும் ஒரே உடலில் காட்டியதை நோக்கும்போது, இவ்வரம்பு ஆற்றல் குறைவால் நேர்ந்ததன்று, அவரது தேர்வால் நேர்ந்தது என்பது புலப்படும்.

போர்ச்சுக்கல் 2007ஆம் ஆண்டு வாக்கெடுப்புக்குப்பின், பத்து வாரம் வரை கருக்கலைப்பை அனுமதித்தது. சட்டம் மாறியபின்னும் ரேகோவின் ஓவியங்கள் வலுவிழக்காமைக்குக் காரணம், அவை ஒரு வாக்கெடுப்புக்கான பரப்புரையாக நின்றுவிடாமல் புனிதத்தின் இலக்கணத்தையே வினவியதாகும். பெண்ணின் துன்பத்துக்குப் புனிதத்துள் இடம் பெற்றுத்தந்த அக்கலை, அவளது இன்பத்துக்கு அவ்விடத்தைப் பெற்றுத்தரவில்லை.