தெள்ளுப்பூச்சி, தும்பி, கொக்கு: காதலுக்கு மூன்று சாட்சிகள்

ஆங்கிலக் கவிதையில் எதையாவது வியந்து சொன்னால் உடனே ஒரு பதில் வரும்: "இதெல்லாம் நம்மகிட்ட ரெண்டாயிரம் வருஷம் முன்னாடியே இருக்கு சார்." இருக்கலாம். யார் முந்தி என்ற போட்டியில் எனக்குப் பெரிய ஆர்வம் இல்லை. ஆனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் வேறொன்று கண்ணில் படுகிறது. ஒரு விசித்திரமான உவமை கவிதைக்குள் வரும்போது, அதைச் சொல்வது யார்? எந்த நேரத்தில் சொல்கிறார்? ஆசை காட்டும்போதா, எல்லாம் முடிந்த பிறகா? இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

டன்னின் பூச்சி

ஜான் டன் (1572–1631) எழுதிய 'தி ஃப்ளீ' கவிதையின் கதை எளிமையானது. ஒரு தெள்ளுப்பூச்சி முதலில் அவனைக் கடிக்கிறது, பிறகு அவளைக் கடிக்கிறது. இருவர் ரத்தமும் பூச்சியின் வயிற்றில் கலந்தாயிற்று. இதில் உனக்கு என்ன மானம் போனது என்று கேட்கிறான். உடலுறவில் ரத்தம் கலக்கிறது என்று அந்தக் காலத்தில் நம்பினார்கள். வாதத்தின் அஸ்திவாரமே அதுதான். அவள் பூச்சியை நசுக்கப் போகிறாள். ஐயோ வேண்டாம், இதில் மூன்று உயிர் இருக்கிறது, இதுதான் நம் மணவறை, இதுதான் கோயில் என்கிறான். அவள் நசுக்கியே விடுகிறாள். அப்போதும் அவன் அசரவில்லை. பார்த்தாயா, அது செத்ததால் உனக்கு ஒரு குறையும் வரவில்லை; எனக்கு இணங்கினாலும் அவ்வளவுதான் குறையும் என்று முடிக்கிறான்.

புரோகிராம் எழுதுகிறவன் கண்ணில் பார்த்தால் இது அழகான தந்திரம். இன்புட் எதுவாக இருந்தாலும் அவுட்புட் ஒன்றே. பூச்சி உயிரோடு இருந்தாலும் அவன் ஜெயிக்கிறான், செத்தாலும் அவன்தான் ஜெயிக்கிறான். அவள் பேசுவதாக ஒரு வார்த்தை இல்லை. நகத்தால் மட்டும் பதில் சொல்கிறாள். அந்தப் பதிலையும் அவன் தன் கணக்கில் வரவு வைத்துக்கொள்கிறான்.

சம்பந்தமில்லாத பொருட்களைப் பலவந்தமாக ஒரே நுகத்தில் பூட்டுகிறார்கள் என்று 18ஆம் நூற்றாண்டில் சாமுவேல் ஜான்சன் இந்த வகைக் கவிஞர்களைக் குறை சொன்னார். 1921இல் டி.எஸ். எலியட் அதையே அவர்களின் பலமாகக் காட்டினார். இரண்டு பேரும் உவமையின் பொருத்தத்தைப் பற்றித்தான் பேசினார்கள். அந்த உவமையால் யாருக்கு லாபம் என்பது வேறு கேள்வி.

தருமிக்குக் கிடைத்த பாட்டு

நம் பக்கத்திலும் ஒரு பூச்சி உண்டு. குறுந்தொகையின் இரண்டாம் பாட்டு, இறையனார் பாடியது. 1965இல் வந்த 'திருவிளையாடல்' படத்தால் தமிழ்நாட்டுக்கே தெரிந்த பாட்டு. கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டா என்று நக்கீரர் சண்டை போட்டார், நெற்றிக்கண் திறந்தது, நாகேஷ் புலம்பினார். அந்தக் கலகலப்பில் பாட்டு என்ன வேலை செய்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

பாட்டில் ஒருவன் தும்பியிடம் பேசுகிறான். நீ பூப்பூவாகப் போகிறவன், என் பக்கம் சாய்ந்து பேசாதே, கண்டதைச் சொல், இவள் கூந்தலை விட மணக்கும் பூவை நீ பார்த்திருக்கிறாயா என்று கேட்கிறான். கூடலின் தொடக்கத்தில் தலைவி நாணி நிற்கிறாள், அந்த நாணம் நீங்கத் தலைவன் அவள் அழகைப் பாராட்டுகிறான் என்பது பழைய துறைக் குறிப்பின் சாரம். அதாவது, தும்பியிடம் பேசுவதுபோல் அவளிடம் பேசுகிறான். சாட்சியைக் கூண்டில் ஏற்றி, 'உண்மையை மட்டும் சொல்' என்று நீதிபதி மாதிரி கேட்கிறான். ஆனால் கேள்வியிலேயே பதிலை வைத்துவிட்டான். கோர்ட்டில் இப்படிக் கேட்டால் எதிர் வக்கீல் எழுந்து நிற்பார்.

டன்னும் இறையனாரும் இங்கே ஒரே கட்சி. ஆண் பேசுகிறான், பூச்சி சாட்சி, அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள். குறுந்தொகை இதோடு நின்றிருந்தால் நானும் 'நம்மகிட்ட அப்பவே இருக்கு' என்று எழுதிவிட்டுப் போயிருப்பேன்.

கபிலரின் கொக்கு

பாரியின் பறம்பு மலை இன்றைய பிரான்மலை என்பார்கள். எங்கள் சிவகங்கை மாவட்டத்தில், சிங்கம்புணரிப் பக்கம் இருக்கிறது. பாரியின் நண்பர் கபிலர் பாடிய குறுந்தொகை 25ஆம் பாட்டு ஐந்தே அடி. திருமணம் தள்ளிக்கொண்டே போகிறது. தலைவி தோழியிடம் சொல்கிறாள். அன்றைக்கு அங்கே வேறு யாருமில்லை. அந்தக் கள்ளன் மட்டும்தான். அவன் பொய் சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன்? ஒரு குருகு இருந்தது, தினைத்தாள் மாதிரிக் காலோடு, ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்தபடி.

இங்கேயும் ஒரு சாட்சி. ஆனால் சொல்கிறவள் பெண், சொல்லும் நேரம் எல்லாம் நடந்து முடிந்த பிறகு. டன்னின் பூச்சி 'ஒன்றும் இழக்கவில்லை' என்று நிரூபிக்க வந்தது. இந்தப் பறவை, இழந்ததற்கு ஆதாரம் தேடும்போது கடைசியாக மிஞ்சியது.

அவள் ஏன் பறவையின் காலைச் சொல்கிறாள்? சிறகு, கழுத்து, அலகு என்று எதையும் சொல்லவில்லை. அவள் அன்று தலை நிமிர்ந்திருக்க மாட்டாள் என்று படுகிறது. குனிந்த பார்வைக்கு நீர் மட்டத்தில் தெரிவது கால்தான். காலுக்கு ஏன் தினைத்தாள்? குறிஞ்சிப் பெண் காவல் காப்பது தினைப்புனத்தை. அவள் நினைவு தன் வேலையிடத்திலிருந்தே உவமையை எடுக்கிறது. ஜான்சன் சொன்ன பலவந்த நுகத்தடி இங்கே தேவைப்படவில்லை.

பறவை பார்ப்பது ஆரலை, வழுக்கி ஓடும் மீனை. அசையாமல் நின்று சமயம் பார்த்துக் கொத்தும் பறவை அது. வெளிப்படையாகச் சொல்லாத அவனுடைய குணத்தை அந்தப் பறவை சொல்லிவிடுகிறது. இதைத்தான் உள்ளுறை என்கிறோம். சாட்சியே குற்றவாளி மாதிரி நிற்கிறது!

நம்ம ஊர்க் கண்மாய் மடையில் நிற்கும் மடையானைப் பார்த்திருப்பீர்கள். திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடிச் சரணாலயத்துப் பறவைகளுக்காகக் கொள்ளுகுடிப்பட்டிக்காரர்கள் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. கொக்கும் நாரையும் இந்த மண்ணுக்கு அவ்வளவு நெருக்கம். மடையானுக்கு இன்னொரு பெயர் குருட்டுக் கொக்கு. ஆள் பக்கத்தில் வரும்வரை அசையாமல் நிற்பதால் கண் தெரியாது என்று நினைத்துவிட்டார்கள். கபிலரின் குருகு மடையான்தான் என்று நான் சாதிக்கவில்லை. ஆனால் அந்தப் பெயரை மனதில் வைத்துப் பாட்டைப் படித்தால் வயிற்றைப் பிசைகிறது. அவளுக்கு இருக்கும் ஒரே சாட்சி, பார்க்காத சாட்சி.

கள்ளூர் வழக்கு

இது வெறும் சோகப் புலம்பல் என்று நினைத்தால் அகநானூறு 256ஐப் பார்க்க வேண்டும். கள்ளூரில் ஒருவன் ஒரு பெண்ணின் நலத்தை அனுபவித்துவிட்டு, 'இவளை எனக்குத் தெரியாது' என்று பொய்ச் சத்தியம் செய்கிறான். அவை சாட்சிகளை விசாரிக்கிறது. பொய் வெளிப்பட்டதும் அவனைக் கட்டித் தலையில் நீறு கொட்டுகிறார்கள். பொய்யும் தவறும் தோன்றிய பிறகுதான் திருமணச் சடங்கு ஏற்படுத்தப்பட்டது என்கிறது தொல்காப்பியமும்.

ஆக, சாட்சி இருந்தால் அவை அவள் பக்கம். இல்லாவிட்டால் அவன் சொல்தான் சொல். இந்தப் பின்னணியில் அந்தப் பறவை அலங்காரம் ஆகாது. அது ஒரு வழக்கின் ஓட்டை.

டன்னின் வாழ்க்கையும் இதே இடத்தில் வந்து இடிக்கிறது. 1601இல் ஆன் மோரை அவர் ரகசியமாக மணந்தார். பெண்ணின் அப்பா கொதித்தெழ, டன் சிறைக்குப் போனார். மணம் செய்துவைத்த சாமுவேல் புரூக்கும், உடன் நின்ற கிறிஸ்டோபர் புரூக்கும் சிறைக்குப் போனார்கள். அடுத்த ஆண்டு அந்தத் திருமணம் செல்லும் என்று தீர்ப்பானது. கவிதைக்குப் பூச்சி போதும். நிஜக் கல்யாணத்துக்கு மனிதச் சாட்சி வேண்டியிருந்தது.

கபிலரும் ஆண்தானே, அவர் எப்படி அவள் குரலில் பேசலாம் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஔவையார், வெள்ளிவீதியார் என்று பெண்கள் பாடிய பாட்டுகள் அதே தொகையில் இருக்கின்றன; அவற்றையும் சேர்த்துப் படிப்பதுதான் சரி. கபிலர் தலைவனுக்காகவும் வாதாடத் தெரிந்தவர்தான். குறிஞ்சிப்பாட்டில் அவருடைய தலைவன் அருவி நீரைக் குடித்துச் சத்தியம் செய்கிறான். ஆனால் இந்த ஐந்து அடியில் அவனுக்குப் பேச வாய்ப்பே தரவில்லை.

வியக்க வைக்கும் உவமை எதைப் பார்த்தாலும் இப்போது எனக்கு ஒரு கேள்வி வருகிறது: இதைக் கேட்டுக்கொண்டிருப்பவளுக்கு நாளைக்கு இது உதவுமா? டன்னின் பூச்சி உதவாது. இறையனாரின் தும்பி, அவன் நல்லவனாக இருந்தால் உதவும். கபிலரின் குருகு உதவவில்லை. உதவவில்லை என்று அவளையே சொல்ல வைத்தார். மூன்றிலும் எனக்குப் பெரிய கவிதை அதுதான்.