நட்பு வட்டமும் ஓவியச் சேகரிப்பும்: '43 குழுவை ஊவாவிலிருந்து நோக்குதல்

ஓவியனை நேரில் அறிந்து அவன் கையிலிருந்தே ஓவியத்தைப் பெறுவது, விற்பனைக்கூடத்தில் விலைபேசி வாங்குவதிலும் தூய செயல் என்றோர் எண்ணம் நம்மிடையே உண்டு. சந்தை புகாத இடத்தில் வர்க்கமும் புகாது என்பதே அதன் உட்கிடை. இலங்கையின் நவீன ஓவிய வரலாறு இவ்வெண்ணத்துக்கு இடந்தருவதாயில்லை.

1943 ஆகஸ்டில் கொழும்பில் லயனல் வென்ட்டின் இல்லத்திற் கூடி அமைக்கப்பெற்ற '43 குழுவின் படைப்புகள் பெரிதும் நட்பின் வழியாகவே பேணப்பட்டன. ஜோர்ஜ் கீற்றை ஊக்குவித்தவருள் முதன்மையானவர் வென்ட். அவர் 1944இல் மறைந்தார். யுத்தகாலத்தில் இலங்கை வந்த ஆங்கிலேயரான மாட்டின் ரசல் கீற்றின் நண்பரானார், ஓவியங்களைச் சேர்த்தார், 1950இல் பம்பாய் 'மார்க்' வெளியீடாகக் கீற்றைப் பற்றி நூலும் எழுதினார். நண்பர், சேகரிப்பாளர், விமர்சகர் ஆகிய மூவரும் இங்கு ஒருவரே. அவருடைய நேர்மையை ஐயுறவேண்டியதில்லை. ஆயினும், தமது சுவரில் உள்ளதைப் பற்றியே ஒருவர் எழுதுகையில், அச்சுவருக்கு வராதவை விமர்சனத்துக்கும் வராமற் போகின்றன.

குழுவின் செயலாளராயிருந்த ஹரி பீரிஸ் தம் தோழர்களின் ஓவியங்களைப் பார்ன்ஸ் பிளேஸ் இல்லத்திற் பாதுகாத்து, 1974இல் சப்புமல் நிறுவகமாக்கினார். அரசு செய்யாததை நட்பு செய்தது; இது பெருங்கொடை. பஸ்யாலக் குடும்பத் தோட்டத்தில் வாழ்ந்த ஜஸ்டின் தரணியகலவோ ஓவியங்களை விற்பதில் நாட்டமற்றவர். விற்காதிருக்கும் சுதந்திரத்துக்கும் ஒரு பொருளாதார அடித்தளம் வேண்டும் என்பதை அவருடைய இரசிகர்கள் ஏனோ பேசுவதில்லை.

இக்குழு 1952இல் இலண்டனிலும் 1953இல் பாரிஸிலும் இலங்கைக் கலையின் முகமாகக் காட்சிக்கு வந்தது. அதே 1952இல் நடைபெற்ற பொதுத்தேர்தலில் எல்ல, பண்டாரவளை, பதுளைத் தோட்டங்களின் தொழிலாளருள் மிகப் பெரும்பாலோருக்கு வாக்கில்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டின் தேர்தற் சட்டத் திருத்தமும் அவர்களை நாட்டுக்குப் புறம்பாக்கியிருந்தன. இதற்கு ஓவியர்கள் பொறுப்பாளிகள் அல்லர். ஆனால் தேசத்தின் முகம் எந்த நட்பு வட்டத்துள் வரையப்பட்டது என்ற வினாவை ஊவாவிலிருந்து நோக்குவோர் தவிர்க்க இயலாது.

தமிழர் எவரும் அவ்வட்டத்தில் இல்லையென்பதன்று. 1938இல் யாழ்ப்பாணத்தில் வின்சர் சித்திரக் கழகத்தை நிறுவிய எஸ். ஆர். கனகசபை குழுவின் தொடக்க உறுப்பினருள் ஒருவர். எனினும் கீற்றுக்கு வாய்த்த நூல்களும் சேகரிப்புகளும் அவருக்கு வாய்க்கவில்லை. பின்வந்த ஓவியர் மாற்குவிடம் அன்பு கொண்ட மாணாக்கர் பலர் இருந்தனர். 1995இன் இடப்பெயர்வு அவருடைய படைப்புகள் பலவற்றைப் பறித்துக்கொண்டது. நட்பு மட்டும் போதாது. அதற்கு இடம்பெயராத வீடும் வேண்டும்.

மலையகத்தின் நிலை இன்னும் கடினமானது. காமன் கூத்துக்கு முகமெழுதியோர், தோட்டத்துக் கோயிற்சுவரில் வண்ணந் தீட்டியோர் ஆகியோரை அறிந்த நண்பர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தனர், சேகரிப்பாளர் எவருமில்லை. இன்று ஹனுஷா சோமசுந்தரம் போன்றோர் தேயிலையையே தம் கலைக்குரிய ஊடகமாக்கியுள்ளனர். அவர்களுடைய ஓவியங்களை அவர்களுடைய உறவினர் எங்கே மாட்டிவைப்பர்? பத்தடிக்குப் பன்னிரண்டடி லய அறையின் சுவர்கூடத் தோட்ட நிர்வாகத்துக்குரியது.