வளைவுக்கு வெளியே ஒரு புள்ளி

மலாய் தீபகற்பத்துக்குக் கிழக்கே, தாய்லாந்து வளைகுடா தென்சீனக் கடலோடு கலக்கும் பகுதியில், வடக்கு 6 டிகிரி 56 நிமிடம், கிழக்கு 103 டிகிரி 35 நிமிடம் என்று குறித்துக்கொண்டு போய்ப் பார்த்தால் அங்கே எதுவும் இருக்காது. தீவு இல்லை, பாறை இல்லை, ஒரு மிதவைகூட இல்லை. ஆனால் அந்த இடத்துக்கு இகாரி என்று பெயர் உண்டு. கோலாலம்பூரிலிருந்து பெய்ஜிங் போகும் விமானத்தை மலேசியக் கட்டுப்பாட்டாளர் வியட்நாம் கட்டுப்பாட்டாளரிடம் ஒப்படைக்கும் இடம் அது. 2014 மார்ச் 8 அதிகாலையில் எம்எச் 370 விமானம் இந்தப் புள்ளியைத் தாண்டி ஒரு நிமிடம் ஆவதற்குள் திரையிலிருந்து மறைந்தது. அதுவரை தொழிலில் உள்ளவர்களுக்கு மட்டுமே தெரிந்திருந்த பெயர் உலகச் செய்தித்தாள்களில் எல்லாம் அச்சாயிற்று.

விமானிகள் வேபாயின்ட் என்று சொல்லும் இந்த வழிப்புள்ளிகளைத் தேடிக் கண்டுபிடிப்பது ஒரு தனிக் கலை. வெறுமையான ஓரிடத்தை இவ்வளவு துல்லியமாகச் சுட்ட முடிகிறதே என்பதுதான் அதில் என்னை மயக்குவது.

பெயர்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐந்து எழுத்து, எந்த மொழிக்காரர் வாயிலும் வானொலியில் தெளிவாக ஒலிக்க வேண்டும், உலகத்தில் ஒரு பெயருக்கு ஒரே இடம்தான் இருக்க வேண்டும். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதி இது. அமெரிக்காவில் இதில் கொஞ்சம் விளையாடுவார்கள். ஸ்டார் டிரெக் நடிகர் லியோனார்ட் நிமோய் 2015இல் மறைந்தபோது, அவர் பிறந்த பாஸ்டன் நகரத்து வான்வழியில் ஒரு புள்ளிக்கு நிமோய் என்றே பெயர் வைத்தார்கள். அழகான அஞ்சலிதான். ஆனாலும் இகாரி, வாம்பி, மேகார் என்று யாருடைய நினைவாகவும் வைக்கப்படாத பெயர்கள்தான் எனக்குப் பிடித்தவை. அவற்றுக்கு அந்த இடத்தைத் தவிர வேறு பொருள் கிடையாது.

பெயர் தெரிந்தால் இடத்தைக் கண்டுபிடிப்பது எப்படி? ஒவ்வொரு நாடும் ஏ.ஐ.பி. என்னும் வான்வழித் தகவல் தொகுப்பை வெளியிடுகிறது. இந்தியாவில் அதை வெளியிடுவது விமான நிலையங்கள் ஆணையம். அதன் ஈ.என்.ஆர். 4.4 என்ற பகுதியில் பெயரும் அதற்கு நேரே அட்சரேகை, தீர்க்கரேகையும் வரிசையாக இருக்கும். டிகிரி, நிமிடம், விநாடி எல்லாவற்றையும் இடைவெளியே இல்லாமல் ஒரே எண்ணாக ஒட்டி எழுதியிருப்பார்கள். புதிதாக வருகிறவர் தடுக்கி விழும் இடம் இது. 6 டிகிரி 56 நிமிடத்தை 6.56 என்று வரைபடத்தில் தட்டினால் புள்ளி 40 கிலோமீட்டருக்கும் மேல் தெற்கே போய் விழும். நிமிடங்களை 60ஆல் வகுக்க வேண்டும். அப்போது சரியான எண் 6.933. வடக்கு தெற்காக ஒரு நிமிடம் என்பது ஒரு கடல் மைல், அதாவது 1,852 மீட்டர். இந்த ஒன்று மனதில் பதிந்துவிட்டால் அட்டவணையில் உள்ள எண்ணே தூரமாகத் தெரியத் தொடங்கும்.

ஏ.ஐ.பி.யில் பெயரே இல்லாத புள்ளிகளும் உண்டு. சென்னை விமான நிலையத்தின் வி.ஓ.ஆர். என்ற வானொலி வழிகாட்டிக்கு எம்.எம்.வி. என்று அடையாளம். பறப்புத் திட்டத்தில் அந்த மூன்றெழுத்தோடு 120040 என்று சேர்த்து எழுதினால், அந்த வழிகாட்டியிலிருந்து காந்தத் திசை 120இல் 40 கடல் மைல் என்று பொருள். அந்த இடம் வங்கக் கடலில் இருக்கிறது. காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் சென்னையில் வேறுபாடு சொற்பம். கனடாவின் வடகோடியில் இதையே செய்தால் திருத்தம் போடாமல் ஒரு அடி நகர முடியாது.

பெருங்கடல் நடுவே வி.ஓ.ஆர். கிடையாது. பல இடங்களில் பெயரும் கிடையாது, டிகிரியே பெயராகிவிடுகிறது. விமானக் கணினிக்குள் அதைச் சுருக்கி வைத்திருக்கும் முறை இருக்கிறதே, சிக்கனத்தின் உச்சம் அது. 5250 என்ற நான்கு இலக்கத்துக்குக் கடைசியில் என் என்ற ஆங்கில எழுத்து நின்றால் வடக்கு 52, மேற்கு 50. நியூபவுண்ட்லாந்துக்குக் கிழக்கே அட்லாண்டிக் கடல். அதே எழுத்து 52க்கும் 50க்கும் நடுவில் வந்து உட்கார்ந்தால் வடக்கு 52, மேற்கு 150. அலாஸ்காவுக்குத் தெற்கே பசிபிக் கடல். ஓர் எழுத்து இரண்டு இடம் முன்னால் நகர்ந்தால் ஒரு கண்டமே தாண்டிப் போகிறது.

இதை ரசிக்கும்போதே பயமும் வர வேண்டும். 1979 நவம்பர் 28 அன்று ஏர் நியூசிலாந்தின் 901ஆம் விமானம் அண்டார்டிகாவைச் சுற்றிக்காட்டப் பயணிகளோடு புறப்பட்டது. தலைமை விமானி ஜிம் காலின்ஸ் முந்தைய இரவே வீட்டில் நிலப்படத்தை விரித்து வைத்து, தமக்கு விளக்கிச் சொல்லப்பட்ட பாதையைக் குறித்துப் பார்த்திருந்தார். கடைசிப் புள்ளியின் தீர்க்கரேகை அதில் 164 டிகிரி 48 நிமிடம். மெக்மர்டோ நீரிணையின் தட்டையான பனிக்கடல் மேல் போகும் பாதை. புறப்படுவதற்குச் சில மணி நேரம் முன்பு அந்த எண் கணினியில் 166 டிகிரி 58 நிமிடமாகத் திருத்தப்பட்டது. விமானிகளிடம் யாரும் சொல்லவில்லை. நிலநடுக்கோட்டில் என்றால் இந்த வேறுபாடு 130 கடல் மைல். தீர்க்கரேகைகள் நெருங்கி வரும் அந்தத் தென்கோடியில் ஏறத்தாழ 27தான். ஆனால் அந்த 27 மைலுக்குள் 3,794 மீட்டர் உயர எரபஸ் எரிமலை நின்றது. மேகத்தின் வெண்மையும் பனிச்சரிவின் வெண்மையும் ஒன்றாகிவிட, விமானம் மலையில் மோதி 257 பேரும் இறந்தார்கள். நீதிபதி பீட்டர் மேஹனின் 1981ஆம் ஆண்டு அறிக்கை, விமானிகளுக்குத் தெரிவிக்காமல் புள்ளியை நகர்த்தியதையே முதன்மைக் காரணமாகச் சொன்னது. காலின்ஸ் அந்த இரவில் செய்ததைத்தான் நானும் வரைபடத்தை விரித்துச் செய்கிறேன். எண்ணைப் பார்த்து, இடத்தைக் கண்டு, கோடு இழுத்துப் பார்ப்பது. அந்த மனிதரின் கவனத்தை நினைக்காமல் ஒரு புள்ளியையும் நான் குறித்ததில்லை.

அட்டவணையே இல்லாமலும் புள்ளியைப் பிடிக்கலாம். எனக்கு மிகவும் பிடித்த வழி அதுதான். கைப்பேசியின் ஜி.பி.எஸ்.ஸை ஜன்னலோரம் வைத்துப் பதிவு செய்த பறப்புத் தடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நேராகப் போகும் கோடு ஓரிடத்தில் வளைந்து வேறு திசை பிடிக்கும். அந்த வளைவின் மேல்தான் வழிப்புள்ளி இருக்கும் என்று தோன்றும்; பெரும்பாலும் இருக்காது. சிக்குக் கோலத்தில் கோடு புள்ளியைத் தொடாமல் சுற்றி வளைவதுபோல, விமானமும் புள்ளிக்கு வருமுன்பே சாய்ந்து உட்புறமாகத் திரும்பிவிடும். நிமிடத்துக்கு 8 கடல் மைல் வேகத்தில் 60 டிகிரி திரும்ப வேண்டுமென்றால் ஏறக்குறைய 4 மைல் முன்பே திருப்பம் தொடங்கிவிடும். புள்ளி வளைவுக்கு வெளியே ஒரு மைல் தள்ளி நிற்கும். கட்டாயம் மேலேயே கடக்க வேண்டிய புள்ளிகளும் உண்டு. வரைபடத்தில் அவற்றைச் சுற்றி வட்டம் போட்டிருப்பார்கள். மற்றவற்றுக்கு, வளைவுக்கு முன்னுள்ள நேர்கோட்டையும் பின்னுள்ள நேர்கோட்டையும் நீட்டுங்கள். அவை வெட்டும் இடம்தான் நீங்கள் தேடுவது. நீண்ட கடற்பயணமாக இருந்தால் தட்டையான படத்தில் நேர்ப்பாதையே வளைந்து தெரியும். அதனால் திருப்பத்துக்குப் பக்கத்திலுள்ள துண்டை மட்டும் நீட்ட வேண்டும்.

பிறகு ஏ.ஐ.பி.யைத் திறந்து சரிபார்க்கலாம். புதிய பதிப்பாகப் பாருங்கள். 28 நாள் சுழற்சியில் திருத்தங்கள் நடைமுறைக்கு வருகின்றன. புள்ளிகள் பிறக்கும், நகரும், இல்லாமலும் போகும்.

கடல் மேல் பறந்த தடமென்றால் நீட்டிய கோடுகள் புள்ளியிலிருந்து ஒன்றிரண்டு மைல் விலகி வெட்டலாம். கணக்கைச் சந்தேகிக்குமுன் விலகல் எந்தப் பக்கம் என்று பாருங்கள். ஜி.பி.எஸ். வந்தபின் விமானங்கள் பாதையின் நடுக்கோட்டை அவ்வளவு இம்மி பிசகாமல் பிடிக்கின்றன. உயரத்தில் ஒரு பிழை நேர்ந்தால் எதிரெதிர் வரும் இரண்டும் ஒரே கோட்டில் சந்திக்கும். ஆகவே பெருங்கடல் வான்வெளியில் விமானிகள் வேண்டுமென்றே 2 கடல் மைல் வரை விலகிப் பறக்க அனுமதி உண்டு. வலப்பக்கம் மட்டும். சென்னையிலிருந்து கிழக்கே போகும் தடம் தெற்கே ஒதுங்கியிருந்தால் உங்கள் கோடுகளில் தவறில்லை. வடக்கே ஒதுங்கியிருந்தால், அன்று வழியில் இடிமேகம் இருந்ததா என்று பாருங்கள். இல்லையென்றால் கோடுகளை மறுபடி இழுங்கள்.