வாழ்க்கைப் பருவங்களும் இலட்சியங்களும்: ‘சிம்ஸ்’ விளையாட்டுப் பற்றிய ஒரு நோக்கு

மனித வாழ்வைப் போலச்செய்யும் ஆக்கம் எதுவாயினும், வாழ்வின் நோக்கம் யாது என்னும் வினாவுக்கு வெளிப்படையாகவோ மறைமுகமாகவோ விடையிறுத்தே தீரும். காவியத்துக்கும் நாவலுக்கும் பொருந்துகின்ற இக்கூற்று விளையாட்டுக்கும் பொருந்துவதாகும். 1860இல் அமெரிக்கரான மில்ற்றன் பிராட்லி வெளியிட்ட வாழ்க்கை விளையாட்டிலே, குழந்தைப் பருவத்திலிருந்து புறப்படும் காய் நாடிச்சென்ற கட்டம் ‘மகிழ்வான முதுமை’ என்பதாகும். நூறு ஆண்டுகளின் பின்னர், 1960இல் அவர் நிறுவனமே வெளியிட்ட புதிய வாழ்க்கை விளையாட்டிலோ சேர்த்த பணமே வெற்றியின் அளவுகோலாயிற்று. ஒழுக்கத்தைப் போற்றிய சமூகமொன்று நுகர்வுச் சமூகமாக மாறியமைக்கு இவ்விரு பலகைகளும் சான்று பகர்கின்றன.

இம்மரபின் கணனி வடிவமாகக் கொள்ளத்தக்கது, வில் றைற் வடிவமைப்பில் 2000ஆம் ஆண்டு வெளிவந்த ‘த சிம்ஸ்’ ஆகும். 1991இல் ஒக்லாந்து மலைப்பகுதியிற் பரவிய பெருந்தீயில் றைற் தமது வீட்டை இழந்தார். இழந்த பொருள்களை ஒவ்வொன்றாக மீண்டும் தேட நேர்ந்த அனுபவம் இவ்விளையாட்டின் தோற்றத்தோடு தொடர்புடையது. பசி, உறக்கம், தூய்மை, உறவு முதலிய தேவைகளே அதன் மாந்தரை இயக்கின. ஆயினும் அம்முதல் ஆக்கத்திலே பருவமாற்றம் முழுமை பெறவில்லை. சிறுவர் சிறுவராகவே இருந்தனர், வளர்ந்தோர் மூப்படையவில்லை. காலம் நகராத இடத்தில் இலட்சியத்துக்கும் இடமில்லை என்பது வெளிப்படை.

2004இல் வந்த ‘சிம்ஸ் 2’ இக்குறையை நீக்க முயன்றது. மாந்தர் பிறந்து, வளர்ந்து, முதிர்ந்து, இறந்தனர். பதின்ம வயதை எய்தும்போது குடும்பம், செல்வம், அறிவு, புகழ், காதல் என்பவற்றுள் ஒன்றை வாழ்வின் நாட்டமாகத் தெரிவுசெய்ய வேண்டியிருந்தது. விருப்பங்களோடு அச்சங்களும் இணைக்கப்பட்டிருந்தமை இவ்வாக்கத்தின் தனிச்சிறப்பு எனலாம். குடும்ப நாட்டமுடையவன் அஞ்சுவதைச் செல்வ நாட்டமுடையவன் அஞ்சுவதில்லை. இவ்வேறுபாட்டிலேதான் பாத்திரம் என்பது உருக்கொள்கின்றது.

எனினும் இங்கு ஓர் அடிப்படை முரண்பாடு உண்டு. அன்பும் அறிவும் பணமும் ஈற்றிலே ஒரே வகைப் புள்ளிகளாக மாற்றப்படுகின்றன. அப்புள்ளிகளைக் கொடுத்து மூப்பைத் தள்ளிப்போடும் அமுதத்தையும் பெறலாம். நாட்டங்கள் பலவாகத் தோன்றினும் அவற்றின் நாணயம் ஒன்றே. பண்பு வேறுபாடுகள் யாவும் அளவு வேறுபாடுகளாக ஒடுங்கிவிடுவது சந்தைச் சமூகத்தின் இயல்பு. அவ்வியல்பு விளையாட்டின் கணக்கிலேயே குடிகொண்டுள்ளது.

2014இல் வெளிவந்த ‘சிம்ஸ் 4’இலே இப்போக்கு மேலும் தெளிவாகின்றது. கலை, அறிவு, உடற்றிறன், நட்பு என்பவற்றைச் சார்ந்த இலட்சியங்கள் சிறுவருக்கு அளிக்கப்பட்டுள்ளன. அவற்றை நிறைவேற்றும் சிறுவன் பெறும் பரிசு, பிற்காலத்திலே திறன்களை விரைந்து ஈட்ட உதவும் பண்பொன்றாகும். அதாவது, சிறுபராயம் பின்னாளைய உழைப்புக்கான முதலீடாகிறது. பிள்ளைத்தமிழ் நூல்களில் வரும் சப்பாணியையும் அம்புலியையும் இதனோடு ஒப்புநோக்கலாம். அங்கு குழந்தை கைகொட்டுவது வேறெதற்குமான ஆயத்தமன்று. அதுவே அப்பருவத்தின் நிறைவு.

முதுமையின் நிலை இதனிலும் பரிதாபமானது. முதியோர்க்கென அடிப்படை விளையாட்டிலே தனி இலட்சியப் பட்டியல் அமைக்கப்படவில்லை. வளர்ந்தோருக்குரியதே அவர்க்கும் உரியது. உடற்கட்டு இலட்சியத்தை மேற்கொண்ட முதியவர் அளவுமீறிப் பயிற்சி செய்து உயிர்துறக்கவும் கூடும். பருவத்துக்கு ஒவ்வாத இலட்சியம் ஆளையே கொல்லும் என்னும் உண்மையை வடிவமைப்பாளர் கருதிச் செய்தனரோ இல்லையோ, விளையாட்டு அதனைக் கூறிவிடுகின்றது.

இப்பின்னணியிலேதான் விளையாடுவோர் தாமே இலட்சியங்களை வகுத்துக்கொள்ளும் வழக்கம் கவனிப்புக்குரியதாகின்றது. ஒரு குடும்பத்தைப் பத்துத் தலைமுறை வரை கொண்டுசெல்லும் சவால் நிறுவனம் விதித்ததன்று. விளையாடுவோர் தமக்குத் தாமே விதித்துக்கொண்டது. இதனையொட்டி ஒவ்வொரு பருவத்துக்கும் தனி நோக்கம் வகுத்தலும் கூடும். சிறுவனுக்கு ஒரு தோழனைத் தேடுதல், இளைஞனுக்கு அத்தோழமையை இழக்காதிருத்தல், நடுவயதினனுக்குத் தொழிலுயர்வை விட்டுப் பிள்ளையோடு மாலைப்பொழுதைக் கழித்தல், முதியவளுக்குப் பேரப்பிள்ளைக்குக் கதை வாசித்தல் என்பன அத்தகையன. இவற்றுட் பலவற்றுக்குப் புள்ளி இல்லை. அதனாலேயே அவை பொருளுடையன. அளக்கப்படாத நோக்கமொன்றை மேற்கொள்பவர் அளவுகோலையே விமர்சிப்பவராகின்றார்.

இவ்வழக்கத்தை எல்லையின்றிப் புகழ்தலும் பொருந்தாது. பட்டியலை மறுத்து எழுந்த சவால்களும் காலப்போக்கிலே புதிய பட்டியல்களாகிவிடுகின்றன. பத்துத் தலைமுறையை நிறைவுசெய்யும் அவசரத்தில் ஒன்பது தலைமுறையினர் வெறும் படிக்கட்டுகளாவதும் உண்டு. அன்றியும், ‘சிம்ஸ் 4’இலே ஒருவரை மட்டும் கொண்ட புதிய குடும்பம் 20,000 ‘சிமோலியன்’ என்ற கைப்பணத்தோடு வாழ்வைத் தொடங்குகின்றது. விரும்பியதை இலட்சியமாகக் கொள்ளும் உரிமை இம்முதலின் மீதே எழுப்பப்பட்டுள்ளது. வறுமையை மரபுரிமையாகப் பெறுவோருக்கு இலட்சியம் என்பது வேறு பொருளுடையது என்பதனை இவ்வுலகம் அறியாது. வெறுங்கையோடு தொடங்குவதென விளையாடுவோர் சிலர் விதித்துக்கொள்வது இவ்வறியாமைக்குக் கூறும் மறுமொழியெனக் கொள்ளலாம்.

ஆகவே, ‘சிம்ஸ்’ வரிசையின் பெறுமதி அது வழங்கும் இலட்சியங்களில் இல்லை. அவற்றை ஏற்காதிருக்க அது விட்டுவைத்துள்ள இடைவெளியிலேயே உள்ளது. வாழ்வின் எந்தப் பருவமும் அடுத்த பருவத்தின் வாயிற்படி மட்டுமன்று. இதனை உணர்ந்து ஆடுபவரின் கையிலே, முடிவற்ற கொள்வனவுக்கென அமைந்த பொம்மை வீடும் மனித வாழ்வு பற்றிய சிந்தனைக் களமாகின்றது.