வற்றும் பெருக்கும்: ஒரு கடல் நாவலை முன்வைத்து

எர்ஸ்கின் சில்டர்ஸ் 1903இல் வெளியிட்ட 'தி ரிடில் ஒஃப் த சான்ட்ஸ்' என்ற ஆங்கில நாவலை உளவு நாவல்களின் முன்னோடி என்றே விமர்சகர்கள் சொல்லி வந்துள்ளனர். அதில் தவறில்லை. ஆனால், அந்த வகைப்படுத்தலோடு நின்றுவிடுபவர்கள் நாவலின் சிறந்த பக்கங்களைத் தவறவிடுகிறார்கள் என்பது எனது அபிப்பிராயம். ஜேர்மனி இங்கிலாந்தின்மீது படையெடுக்கப் போட்ட இரகசியத் திட்டம் இன்று நமக்குப் பழங்கதை. பழசாகாமல் நிற்பது, முப்பதடிப் படகொன்றில் இரண்டு பேர் வடகடலோரம் வாழ்ந்த வாழ்க்கைதான்.

கரதர்ஸ் வெளிநாட்டமைச்சில் வேலை பார்க்கும் இளைஞன். நண்பன் டேவிஸின் அழைப்பை நம்பி, சம்பளத்துக்கு மாலுமிகள் வைத்த உல்லாசப் படகை எதிர்பார்த்துப் போகிறான். அங்கே நிற்பதோ பழைய உயிர்காப்புப் படகைத் திருத்திச் செய்த 'டுல்சிபெல்லா'. அவன் கொண்டுபோன பெரிய பெட்டி அதன் வாசலுக்குள் நுழையவே இல்லை. ஈரக் கம்பளி, எண்ணெய் அடுப்பு, நிமிர்ந்து நிற்க முடியாத அறை என்று ஒவ்வொன்றாக அவனுடைய பெருமை கழன்று விழுவதைச் சில்டர்ஸ் நல்ல நையாண்டியோடு எழுதிச் செல்கிறார்.

கிழக்கு ஃபிரீசியக் கரைக்கு முன்னால் போர்க்கும், யுயிஸ்ட், நோர்டர்னை எனத் தீவுகள் வரிசையாகக் கிடக்கின்றன. தீவுகளுக்கும் தரைக்கும் இடையே மணல். அங்கு சுமார் இரண்டரை மீற்றர் அளவுக்கு நீர் ஏறி இறங்கும். பெருக்கில் கடலாகத் தெரிந்த இடம் ஆறு மணித்தியாலத்தில் நடந்து போகக்கூடிய வெளியாகிவிடும். எமது தீவைச் சுற்றி வற்றுக்கும் பெருக்குக்கும் ஒரு மீற்றர் வித்தியாசமும் இல்லை. ஆகவே இது நமக்குச் சட்டெனப் பிடிபடாது. ஆனாலும் நாவலை முடிப்பதற்குள் நாமும் அந்தக் கணக்குக்குப் பழகிவிடுகிறோம். படகின் நடுப்பலகையை மேலே இழுத்து, நீர் வற்ற வற்ற அதை மணலில் குந்தவிட்டு, மறு பெருக்குக்காகக் காத்திருக்கிறார்கள். சாப்பாடும் தூக்கமும் பயணமும் சூரியனைப் பார்த்து நடப்பதில்லை. பெருக்கு நாளுக்கு ஏறக்குறைய ஐம்பது நிமிடம் பிந்தி வரும். அவர்களுடைய நாளும் அதோடு சேர்ந்து நகர்கிறது.

மூடுபனிக்குள் சிறு தோணியொன்றில் நோர்டர்னையிலிருந்து மெம்மர்ட் வரை போகும் அத்தியாயமே நாவலின் உச்சம். கண்ணுக்கு எதுவும் தெரியாது. திசையறிகருவி, கடிகாரம், தொட்டறியும் ஆழம் ஆகியவற்றை மட்டும் நம்பி, நீர் வற்றுவதற்குள் நடுமேட்டைத் தாண்டியாக வேண்டும். அடைமொழிகளைக் கொட்டாமல், நிமிடங்களையும் அடிகளையும் எண்ணிக்கொண்டே நமது மூச்சைப் பிடித்து வைக்கிறார் சில்டர்ஸ். எமது கடற்கரைக் கதைகளில் நிலவும் அலையும் வருமளவுக்கு நீரோட்டமும் சேறும் வருவதில்லை. இதை எழுதுபவர்கள் சற்று யோசிக்கலாம். டொல்மானின் மகள் கிளாரா வரும் காதற் பகுதியோ நாவலின் பலவீனம்; அதைப்பற்றி அதிகம் சொல்வதற்கில்லை.

இத்தனைக்கும் பின்னால் என்னை உறுத்துவது வேறொன்று. டேவிஸ் அந்த மணலை உண்மையாகவே நேசிக்கிறான். ஒவ்வொரு கால்வாயையும் அளக்கிறான், குறிக்கிறான், பிழைகளைத் திருத்துகிறான். அந்த நேசம் முழுவதும் கடைசியில் ஓர் அரசுக்கு உபயோகமான வரைபடமாகிவிடுகிறது. நாவல் இதை வெற்றியாகவே கொண்டாடுகிறது. 1897இல் 'விக்ஸன்' என்ற தன் படகில் அக்கரையோரம் பயணம் செய்தவர் சில்டர்ஸ். 1914 டிசம்பர் 25இல் கக்ஸ்ஹாவன் மீது பிரித்தானியக் கடல்விமானங்கள் நடத்திய தாக்குதலிலும் அவர் பங்குபற்றினார். படகிலிருந்து கற்ற கரையை விமானத்திலிருந்து பார்த்தபோது அவர் மனதில் என்ன ஓடியிருக்கும்?

அதே ஆண்டு யூலையில் அவர் 'அஸ்கார்ட்' என்ற தன் படகில் அயர்லாந்துத் தொண்டர்படைக்குத் துப்பாக்கிகள் கொண்டுபோய் ஹௌத்தில் இறக்கியிருந்தார். பேரரசின் பாதுகாப்புக்காக நாவல் எழுதிய அவர், பின்னர் அயர்லாந்துக் குடியரசுவாதியானார். 1922 நவம்பர் 24இல் அயர்லாந்துச் சுதந்திர அரசு அவரைச் சுட்டுக்கொன்றது. இந்த மனிதருக்குள் நடந்த மாற்றத்தின் தடயத்தை 1903இன் நாவலில் தேடுவது நியாயமில்லைத்தான். ஆனாலும் தேடாமல் இருக்க முடியவில்லை.

அக்கரையின் சொந்தக்காரர்கள் நாவலில் எங்கே இருக்கிறார்கள்? குறுக்குவழி காட்டுவதாகச் சொல்லி டொல்மான் புயலுக்குள் டேவிஸை மணலுக்கு இழுத்துச் சென்று கைவிடுகிறான். அதில் தப்பிப் பிழைத்தவனுக்கு உதவுவது பார்டெல்ஸ் என்ற சரக்குப் படகோட்டி. வரைபடமில்லாமலே அந்தக் கால்வாய்களை அறிந்த மனிதர் அவர். நல்லவர், வேடிக்கையானவர். இந்த இரண்டுக்கும் மேலே ஆசிரியர் அவரை வளரவிடவில்லை. இரண்டு நாடுகள் தன் மணலைப் பங்குபோடப் பார்ப்பதைப்பற்றி அவருக்கு ஏதாவது அபிப்பிராயம் இருந்ததா என்று கரதர்ஸும் கேட்கவில்லை, டேவிஸும் கேட்கவில்லை.